ராஜவேலு வண்டிக்குப் புது பிரேக்

ராஜவேலு பட்டுப்புடவை நெய்து விற்கிறவன் என்று சொன்னால் ஆரணியில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. 'அந்த ஃபியட்டுக்காரன்' என்றால் உடனே தெரியும். வீட்டில் இரண்டு தறி ஓடியது. நெய்த புடவைகளை வேலூருக்கும் மெட்ராஸுக்கும் அவனே காரில் எடுத்துப்போய்க் கடைகளில் போட்டுவிட்டு வருவான். தொழில் என்னவோ நிதானமான தொழில்தான். அவன் போகிற வேகத்தைப் பார்த்தால்தான் மூட்டைக்குள் யாரோ நெருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டது போலிருக்கும். முன்னால் ஒரு பஸ் போனால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதைத் தாண்டின பிறகுதான் மூச்சு சீராகும்.

அந்தக் காரில் அவன் மனைவி கன்னியம்மாள் ஏறி ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

போன ஆடியில் இரண்டு பேரும் தேவிகாபுரம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். வழியில் மாட்டுவண்டி, ஆட்டு மந்தை, சைக்கிள் என்று எது எதிர்ப்பட்டாலும் கிட்டே போய்க் கடைசி நொடியில்தான் பிரேக்கை மிதித்தான். ஒரு தடவை என்றால் எந்த பிரேக்கும் தாங்கும். வழிநெடுக மிதித்தால் சூடேறி வழுக்கத்தான் செய்யும். பிரேக்கைக் குற்றம் சொல்லக் கூடாது. ஊர் எல்லை வளைவில் அது பிடிக்கவில்லை. கார் நேராக ஒரு நாற்றங்காலுக்குள் இறங்கி, எருமை மாதிரி சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கன்னியம்மாள் தானே நெய்து தானே கட்டியிருந்த அரக்குப் பட்டு முழங்கால்வரை சேறாகிவிட்டது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். வரப்பேறி ரோட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரே கல்யாணத்துக்கு அவன் காரில் போவான், அவள் பஸ்ஸில் வருவாள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இது நல்ல தமாஷாகிவிட்டது. "இன்னா ராஜவேலு, வூட்டுக்காரம்மா கவர்மென்ட்டு வண்டிலதான் வருவாங்களாமே?" என்று கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் மானம் போகும். மானத்தைவிடப் பக்கத்து சீட் காலியாகக் கிடப்பதுதான் அவனை அதிகம் உறுத்தியது. கல்யாணமான புதிதில் அந்த சீட்டில் உட்கார்ந்து, காற்றில் பறக்கிற முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு அவனுக்கு மறக்கவில்லை.

சரி, இதற்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று முடிவுகட்டினான். பிரேக்கை மாற்றலாம் என்று தோன்றியது. வேகத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

மெக்கானிக் தாவீது அவனோடு ஒன்றாகப் படித்தவன். விஷயத்தைச் சொன்னதும், "அப்படின்னா முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்ரலாம்" என்றான். வெளிநாட்டிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்த ஒரு ஃபியட் அடிபட்டு, மெட்ராஸ் புதுப்பேட்டையில் பிரித்துப்போட்டுக் கிடந்தது. அதிலிருந்து எடுத்துவந்தார்கள். பழைய பிரேக்கில் எல்லாம் சக்கரத்துக்குள் ஒரு மூடிய இரும்புச் சட்டிக்குள்ளேயே நடக்கும். சூடும் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும். இது அப்படியில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஓர் இரும்புத் தட்டு, வெட்டவெளியில் பளபளவென்று நிற்கும். மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு என்கிற இரண்டு கட்டைகள் வந்து அதைக் கவ்விக்கொள்ளும். காற்றுப் படுவதால் சூடு நிற்காது. லேத்துப் பட்டறைக்கும் ஷெட்டுக்குமாக அலைந்து, கார்த்திகை மார்கழி இரண்டையும் தின்றுவிட்டுத்தான் வேலை முடிந்தது.

முடிந்த அன்று ரைஸ்மில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். எண்பதில் போய் ஒரு மிதி மிதித்தான். தாவீதின் நெற்றி போய்க் கண்ணாடியில் இடித்தது. வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. ராஜவேலுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இனிமே எவன் வந்தா இன்னா, எது வந்தா இன்னா" என்றான்.

"அதுக்குன்னு பறக்காத" என்றான் தாவீது, நெற்றியைத் தடவிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து கன்னியம்மாளிடம் சொன்னான். அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளினாள்.

"ஒனக்காகத்தான் போட்டேன். உங்கக்கா வூட்டுக்குப் போவணும்னு சொல்லிகினு இருந்தியே, வேலூருக்கு நானே இட்டுகினு போறேன். ஒரே ஒருவாட்டி வந்து பாரு."

தறி நின்றது. "எனக்காகவா?"

"பின்ன யாருக்கு?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்ப ஆசைப்படுகிறவள் பார்க்கிற பார்வை அது. "வர்றேங்க. ஆனா ஸ்பீடு முள்ளு நாப்பதத் தாண்டக் கூடாது. இந்தவாட்டியும் வண்டி நிக்கலன்னா வித்துடணும். அப்புறம் பேச்சே கூடாது."

"வித்துடறேன்" என்றான். பிரேக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் புது டயர் மாட்ட அனுப்பியிருந்தான். வண்டி வாசலில் மரக்கட்டைமேல் நின்றது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இரும்புத் தட்டுகளைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியில் தாவீது நின்று, "ராத்திரி பனில தட்டு துரு புடிக்கும். அதப் பார்த்துட்டு பேஜாராவாத. காலைல ரெண்டு மூணு பிரேக் புடிச்சா அதுவே தேஞ்சி பூடும். மொதல்ல கொஞ்சம் ஒருமாதிரியா இருக்கும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கன்னியம்மாள் அப்போது உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

காலையில் டயரோடு சக்கரங்கள் வந்தன. ராஜவேலு மாட்டப்போனபோது தட்டில் துரு இல்லை. நேற்றைவிட மினுமினுத்தது. தாவீது எல்லாவற்றையும் பெரிதுபண்ணிச் சொல்கிறவன் என்று நினைத்துக்கொண்டான். கன்னியம்மாள் வாசற்படியில் நின்று அவன் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

தலைக்குப் பூ வைத்து, நீலக்கரைப் பட்டுக் கட்டி, அவள் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தெருவே பார்த்தது.

ஊருக்குள் இரண்டு இடத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. ஆனால் ரைஸ்மில் ரோட்டில் கவ்வின மாதிரி கவ்வவில்லை. மெத்தென்று வழிந்து போய் நின்றது. தாவீது சொன்ன 'ஒருமாதிரி' இதுதான் போலிருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான். ஆற்றுப் பாலம் தாண்டி வேலூர் ரோடு பிடித்தாகிவிட்டது. முள் நாற்பதில் நின்றது. கன்னியம்மாள் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முந்தானை பறந்தது. அவள் அதை இழுத்துச் செருகினாள். ராஜவேலு அதைக் கடைக்கண்ணால் பார்த்தான். வாழ்க்கையில் இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

அவன் ஒதுங்கி வழிவிட்டான். பஸ் தாண்டும்போது ஜன்னலோரத்தில் டீக்கடை ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். காரையும் பார்த்தான், கன்னியம்மாளையும் பார்த்தான், பல்லைக் காட்டிச் சிரித்துக் கைகாட்டினான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டது.

ராஜவேலு பொறுத்துத்தான் பார்த்தான். அவன் பொறுத்தாலும் அவன் கால் பொறுக்கவில்லை. முள் ஐம்பதுக்குப் போயிற்று.

"ஏங்க" என்றாள் கன்னியம்மாள்.

"புழுதி மூஞ்சில அடிக்குது. தாண்டிட்டுக் கொறச்சிடறேன்."

அறுபது.

"ஏங்க, சொன்னீங்களே."

"பிரேக் இருக்குல்ல."

அவள் ஜன்னலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எழுபது. பஸ்ஸின் முதுகு புழுதிக்குள் தெரிந்தும் தெரியாமலும் ஆடியது. ரோடு ஏரிக்கரையிலிருந்து சரிவாக இறங்குகிற இடம். எண்பது. அவள் இப்போது பேசவே இல்லை. பேசாமல் இருந்தது அவனுக்குக் கேட்டது. இருந்தாலும் கால் எடுபடவில்லை.

தை பிறந்தால் அந்தப் பக்கத்து ரோடெல்லாம் களம்தான். கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து தார்மேல் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். பெண்கள் ஓரத்தில் நிற்பார்கள். வண்டி போனதும் ரோட்டில் இறங்கிச் செடியைப் புரட்டிப் போடுவார்கள். பஸ் போயிற்று. வழக்கம்போல் நாலைந்து பெண்கள் கோலோடு ரோட்டில் இறங்கினார்கள். பஸ்ஸின் புழுதிக்குள் ஒரு கார் ஒளிந்து வருகிறது என்று யார் கண்டார்கள்?

புழுதி விலகியதும் ராஜவேலு அவர்களைப் பார்த்தான். மிதித்தான்.

பிரேக் மிதி கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. அடித்துப் பிடித்து மறுபடியும் மிதித்தான். வழுக்குப்பாறையில் கால் வைத்த மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது. முன்னாலிருந்து புகைகிற நாற்றம் வந்தது. ஹாரனை அமுக்கினான். பெண்கள் சிதறி ஓடினார்கள். கருப்புப் புடவை கட்டிய ஒருத்தி மட்டும் ஓடவில்லை. கோலைப் பிடித்தபடி நடுரோட்டில் மரமாக நின்றுவிட்டாள்.

கன்னியம்மாள் அலறவில்லை. "ஐயோ, அந்தப் பொம்பள" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

அவன் கியரைக் கீழே தள்ளினான். எஞ்சின் ஓலமிட்டது. கைபிரேக்கை இழுத்தான். பின் சக்கரம் கிறீச்சிட்டு, பரப்பியிருந்த செடிமேல் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. ஸ்டியரிங்கை ஓரத்துக்கு ஒடித்தான். ரோட்டோரம் ஆளுயரத்துக்குக் கொள்ளுப் போர் குவித்து வைத்திருந்தார்கள். கார் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுக்கச் சருகு. எஞ்சின் அணைந்துவிட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். கருப்புப் புடவைக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். கார் போன தடம் அவள் காலை ஒட்டிக் கிடந்தது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. நெஞ்சை மட்டும் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

மற்றவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. "கண்ணு இன்னா பொடனிலயா கீது? மனுசங்க நிக்கறது தெரில? இன்னா வேகத்துலய்யா வந்த?" என்று ஒருத்தி கோலை ஓங்கிக்கொண்டே வந்தாள்.

"நாப்பதுலதாம்மா வந்தேன். பிரேக் புடிக்கல" என்றான் ராஜவேலு. பொய் யோசிக்காமலே வந்துவிட்டது. பின்னால் கன்னியம்மாள் இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அவன் ஆத்திரமெல்லாம் தாவீதுமேல் திரும்பியது. இவ்வளவு நாள் இழுத்தடித்து என்ன கிழித்தான்? சருகை வாரிப் போட்டுவிட்டு, ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். தட்டிலிருந்து இன்னும் புகை கசிந்தது. சூடு ஆறினதும் அதன் ஓரத்தில் விரல் வைத்தான். பிசுபிசுத்தது. விரலை மோந்தான்.

தறி எண்ணெய். அவன் வீட்டுக்குள் நுழைந்தாலே வருகிற வாசனை. நாள் முழுக்க அதிலேயே புழங்குகிறவனுக்கு அதைக் கண்டுபிடிக்க இன்னொருத்தர் வேண்டியதில்லை.

அப்போது கன்னியம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் அவனைத் தேற்ற வந்தவள் மாதிரிப் பேசினாள். "விடியக்காலம் கோலம் போட வந்து பார்த்தேங்க. தட்டு பூராத் துரு. பனி மாசமாச்சே. நல்லாத் தொடச்சி ரெண்டு பக்கமும் எண்ணெய் போட்டு வெச்சேன். சொல்லலாம்னு வந்தேன், சரி ஆசையா மாட்டிகினு இருக்கீங்கன்னு வுட்டுட்டேன். நான் மட்டும் போடாம இருந்தா இந்த அளவுக்குக்கூட நின்னிருக்காது, இல்ல?"

பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் அவள். மார்கழி, தை வந்தால் அந்த வீடுகளில் விடிந்ததும் முதல் வேலை, தறியில் இருக்கிற இரும்பையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைப்பதுதான். புடவையில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியின் கொக்கி ஒவ்வொன்றையும் துடைப்பார்கள். ஒரு பொட்டுத் துரு பாவு நூலில் பட்டால் புடவையே பாழ். இரும்பில் துருவைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவள் கைக்குத் தெரியாது. ஆறேழு மாதம் தொடாமலிருந்த காரை இன்றைக்குத்தான் ஆசையாகத் தொட்டிருக்கிறாள். தொட்டதில்தான் இந்த வினை.

ராஜவேலுவுக்கு முதலில் வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்தோஷம் வந்தது. வண்டி தப்பித்தது, பிரேக் தப்பித்தது, எல்லாவற்றுக்கும் மேல் அவன் தப்பித்துவிட்டான். இனி அவள் வாயைத் திறக்க முடியாது.

"நிக்காமப் போனதே உன் எண்ணெயாலதான்" என்றான். "இந்தத் தட்ட பேடு உரசிப் புடிச்சாத்தான் வண்டி நிக்கும். எண்ணெய் போட்டா எப்படிப் புடிக்கும்? வழுக்கிகினுதான் போவும். யாரக் கேட்டு நீ கை வெச்ச?"

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. கன்னியம்மாள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, நெஞ்சை நீவிக்கொண்டு நின்ற கருப்புப் புடவைக்காரியைப் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அவளைத் தொடவும் பயமாக இருந்தது.

பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "நாப்பதுல வந்திருந்தா?"

அவன் விரலில் ஒட்டிய எண்ணெயைச் சருகில் துடைத்தான்.

"சொல்லுங்க. எண்ணெய் போட்டதோடவே, நாப்பதுல வந்திருந்தா நின்னிருக்குமா?"

பின் சக்கரத்துப் பழைய பிரேக் ஒன்றே போதும். ஊருக்குள் நிற்கவில்லையா? அவனுக்கு அது நன்றாகத் தெரியும். "நின்னிருக்கும்" என்றான்.

"பழைய பிரேக்குல?"

"அதுலயும் நின்னிருக்கும்."

"அப்போ இத எதுக்குப் போட்டீங்க?"

அவளுக்காக என்று தறியருகில் நின்று சொன்னது அவன்தான். இப்போது அதையே திருப்பிச் சொல்ல முடியாது. எண்பதில் போகத்தான் போட்டான். நிற்பதற்காகப் போடவே இல்லை. இத்தனை மாதம் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்ததை அவள் நாலு கேள்வியில் வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள்.

அவன் எழுந்து கருப்புப் புடவைக்காரியிடம் போனான். "அம்மா, நாப்பது இல்ல. எண்பதுல வந்தேன்" என்றான். கோலை ஓங்கி வந்தவளும் கேட்டுக்கொண்டு நின்றாள். யாரும் திட்டவில்லை. கருப்புப் புடவைக்காரி மட்டும், "எனக்குக் கைக்கொழந்த கீதுய்யா" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தலை நிமிரவில்லை.

சிதறின போரை இரண்டு பேரும் சேர்ந்து வாரிக் குவித்துக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் பெட்ரோலில் துணியை நனைத்துத் தட்டுகளைத் துடைத்தான். பேடுக்குள் ஊறின எண்ணெய் போகாது, அதைத் தாவீதுதான் மாற்ற வேண்டும். சக்கரத்தை மாட்டி முடித்தபோது வேலூர் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து, செடிக்காக வேகம் குறைத்தது. ராஜவேலு கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ இதுல ஏறி உங்கக்கா வூட்டுக்குப் போ. வண்டிய நான் ஆரணிக்கு ஓட்டிகினு போறேன். முன் பிரேக் இல்லன்னே வெச்சுக்கோ. வித்துடறேன், சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றான்.

"ஏறும்மா, ஜல்தி" என்றார் கண்டக்டர்.

கன்னியம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய், கதவைத் திறந்து, முன் சீட்டில் இருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

ராஜவேலு ஜன்னலில் குனிந்தான். "அட, பிரேக் இல்லன்னு சொல்றேன்ல. பயமா இல்லியா?"

"பிரேக் இருந்துச்சே, அப்பதாங்க பயமா இருந்துச்சு" என்றாள். "இல்லன்னாத்தான நீங்க மெதுவா ஓட்டுவீங்க. எடுங்க."

அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினான். முள் இருபதைத் தாண்டவில்லை. ஒரு பஸ் தாண்டியது, அப்புறம் ஒரு லாரி, அப்புறம் நெல் மூட்டை ஏற்றின ஒரு டிராக்டரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டான். ரோட்டில் யாராவது தெரிந்தால் பாதித் தூரத்திலேயே காலை எடுத்தான். கன்னியம்மாள் அதைக் கொஞ்ச தூரம்வரை பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுப் பாலம் வருவதற்குள் அவள் தலை மெல்லச் சரிந்து அவன் தோளில் சாய்ந்தது. நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.